வண்ணம் பார்த்துப் பிரிக்கப்பட்ட லெகோ சேகரிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இந்த ஆய்வில் பேசப்படும் சேகரிப்பு, நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு கணக்குத் தணிக்கையாளருக்கு உரியது. ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோவில், சிறுவயதில் அவருக்குக் கிடைத்த செட்கள் சில பதின்ம வயதில் பரணேறி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே கிடந்தன. 1984-ஆம் ஆண்டின் கிங்ஸ் காசில் கோட்டையும் 1989-ஆம் ஆண்டின் பிளாக் சீஸ் பாரகூடா கப்பலும் அவற்றுள் அடக்கம். பெரியவர்களான பின் இந்தப் பொழுதுபோக்குக்குத் திரும்புகிற பலருக்கும் இப்படியோர் இடைவெளி உண்டு. தமக்குள் அதை அவர்கள் ‘இருண்ட காலம்’ என்பார்கள். இவரைத் திரும்ப இழுத்தது 2007-இல் வந்த கஃபே கார்னர். 2,056 துண்டுகள் கொண்ட அந்தக் கட்டடம், பக்கத்தில் இன்னொரு கட்டடத்தைச் சேர்த்து ஒரு தெருவாக நீட்டிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்ட வரிசையின் முதல் செட். கிரீன் குரோசர், ஃபயர் பிரிகேட், கிராண்ட் எம்போரியம், டவுன் ஹால் என அந்தத் தெரு அவர் வீட்டில் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. 2008-இல் வெளியான, 5,922 துண்டுகள் கொண்ட தாஜ் மஹால் செட்டைச் சில ஆண்டுகள் கழித்து மற்றொரு சேகரிப்பாளரிடமிருந்து வாங்கினார்.

நிகழ்வு தொடங்கும் நேரத்தில் 40-க்கும் மேற்பட்ட செட்கள், ஏறக்குறைய 40,000 துண்டுகள், முழுமையாகக் கட்டப்பட்ட நிலையில் திறந்த அலமாரிகளில் நின்றன. அந்த அறைக்கு மேற்குப் பார்த்த பெரிய சன்னல் ஒன்று இருந்தது. செய்முறைக் கையேடுகள் அனைத்தும் பத்திரமாக இருந்தன. பெட்டிகள் பெரும்பாலும் தூக்கி எறியப்பட்டிருந்தன. எந்தெந்தச் செட் இருக்கிறது, எதில் என்ன குறை என்ற பட்டியல் எங்கும் எழுதப்படவில்லை. ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்ப்பவரிடம் சொந்த அலமாரிக்கு ஒரு பட்டியல் இல்லாதது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் எல்லாம் கண்ணெதிரே கட்டப்பட்டு நிற்கும்வரை பட்டியல் தேவை என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

## கலைப்பு

வீடு மாற வேண்டிய கட்டாயம் திடீரென வந்தபோது உரிமையாளர் பணி நிமித்தம் வெளியூரில் இருந்தார். அறையைக் காலி செய்யும் பொறுப்பை அவருடைய தங்கையும், தங்கையின் கல்லூரியில் படிக்கும் இரு பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டார்கள். தொலைபேசியில் அவர்களுக்குக் கிடைத்த அறிவுரை, உடையாமல் பிரித்து வைத்தால் போதும் என்பது மட்டுமே.

அவர்கள் செய்தது அலட்சியமான வேலை அன்று. ஒவ்வொரு மாதிரியையும் பொறுமையாகப் பிரித்து, தூசி படிந்த துண்டுகளைக் கழுவி, துணியில் பரப்பி உலர்த்தி, வண்ணவாரியாகப் பதினான்கு பெட்டிகளில் நிரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ‘கறுப்பு’, ‘வெள்ளை’, ‘சாம்பல்’ என்று எழுதி ஒட்டினார்கள். மினிஃபிகர் என்ற சிறு மனித உருவங்கள் தனி டப்பாவில் சேர்ந்தன. நீளமான துண்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். பிரித்தவர்களின் நோக்கம் என்னவென்று பின்னர் கேட்டபோது தங்கை சொன்ன பதில் இது: “அண்ணா திரும்பி வந்து கட்டும்போது சிவப்பு வேணும்னா சிவப்புப் பெட்டியைத் திறந்தா போதுமேன்னு நினைச்சோம்.”

லெகோவோடு பழகாத எவரும் இதைத்தான் நினைப்பார்கள். கண்ணுக்கு முதலில் படுவது வண்ணம் என்பதால் அதுவே இயல்பான ஒழுங்கு என்று தோன்றுகிறது. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் வண்ணவாரியாகப் பிரிப்பது தேடுகிறவருக்குக் கேடாக முடிகிறது. பல வண்ணங்கள் கலந்த, ஆனால் ஒரே வடிவமுள்ள குவியலில் கறுப்பை எடுக்கக் கண்ணுக்குக் கணப்பொழுது போதும். கறுப்பு மட்டுமே உள்ள குவியலில் குறிப்பிட்ட வடிவம் ஒன்றைத் தேடும்போதோ, நிழலும் விளிம்பும் ஒன்றாகி எல்லாமே ஒரே கறுப்புப் பரப்பாகத் தெரியும்.

## முதல் பரிசோதனையில் கண்டவை

உரிமையாளர் புது வீட்டில் பெட்டிகளைத் திறந்து சில வாரங்கள் முயன்று பார்த்துச் சலித்த பிறகே, வகைபிரிப்பில் பழக்கமுள்ளவன் என்ற முறையில் நான் அழைக்கப்பட்டேன். அப்போது காணப்பட்ட நிலையைக் கீழே தருகிறேன்.

முதலாவது, சாம்பல் பெட்டி. லெகோ நிறுவனம் 2004 வாக்கில் தன் சாம்பல் வண்ணங்களை மாற்றியது. பழைய சாம்பலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். புதியதில் நீலச் சாயல். 1984-இன் கோட்டை முழுக்கப் பழைய சாம்பல். 2007-க்குப் பிந்திய கட்டடங்களில் இருப்பது புதியது. பிரித்தவர்களுக்கு இரண்டும் சாம்பலே. குழல் விளக்கின் கீழே எங்களுக்கும் அவை சாம்பலாகவே தெரிந்தன. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல், அடையாளம் உறுதியான ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு துலங்கியது.

இரண்டாவது, வெள்ளைப் பெட்டி. இதுதான் மிகவும் சங்கடமான கண்டுபிடிப்பு. தாஜ் மஹால் பெரும்பாலும் வெள்ளைத் துண்டுகளால் ஆனது. அது பல ஆண்டுகள் மேற்குச் சன்னலுக்கு நேரே நின்றிருக்கிறது. லெகோ கட்டைகள் வார்க்கப்படும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் அக்ரிலோநைட்ரில், ஸ்டைரீன் ஆகியவற்றோடு சேர்ந்திருக்கும் பியூட்டடையீன், புறஊதாக் கதிர் படப்படக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பிளாஸ்டிக்கை மஞ்சளாக்குகிறது. கட்டிய நிலையில் நின்றவரை, சன்னல் பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் வெண்மையாகவும் படிப்படியாக மாறிய அந்த நிறம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. வெயில் பட்ட பளிங்கு என்றே பார்த்தவர்கள் எண்ணினார்கள். பிரித்துக் கலந்த பிறகு மஞ்சளித்த துண்டும் வெண்மையான துண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. அப்படியே எடுத்துக் கட்டியிருந்தால் குவிமாடம் சதுரங்கப் பலகைபோல் திட்டுத்திட்டாகத் தெரிந்திருக்கும்.

ஒரு துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தால் வெயிலின் வழி அப்படியே தெரிந்தது. மேலே இரண்டு வரிசையில் நான்கு நான்காக எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரு 2×4 கட்டையின் வெளிப்புறம் தந்தத்தின் நிறத்தில் இருக்க, அடிப்புறக் குழல்களும், மேல் கட்டைக்குள் மறைந்திருந்த அந்தக் குமிழ்களும் புத்தம் புதிய வெண்மையில் இருந்தன. சில துண்டுகளில் பக்கத்துத் துண்டின் நிழல் விழுந்த இடம் நேர்கோடாகப் பதிந்திருந்தது.

மூன்றாவது, உடைசல். ஒரு குறிப்பிட்ட காலத்தில் வார்க்கப்பட்ட செம்பழுப்பு, அடர்சிவப்பு வண்ணத் துண்டுகள் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுவது சேகரிப்பாளர்கள் நன்கறிந்த செய்தி. கட்டி வைத்தால் நிற்கும். பிரித்தெடுக்கும்போது விளிம்பில் விரிசல் விழும். பிரித்தவர்கள் உடைந்தவற்றையும் எறியாமல் ஒரு ஜிப் பையில் போட்டு வைத்திருந்தது பெரும் உதவியாக அமைந்தது, ஏனெனில் எதை மாற்ற வேண்டும் என்பதற்கு அந்தப் பையே முதல் பட்டியலாயிற்று.

மற்றவை சிறியவை. கழுவியதில் சில வாகனங்களின் ஸ்டிக்கர்கள் உரிந்திருந்தன; கப்பலின் துணிப் பாய்களும் அந்த நீரில் நனைந்து ஒன்றின் ஓரம் நூல் பிரிந்திருந்தது; ரப்பர் பேண்டுகள் இளகி வெள்ளைத் துண்டுகளில் பழுப்புக் கோடு போட்டிருந்தன. குமிழின் மேல் லெகோ என்ற பெயர் பொறிக்கப்படாத, பிற நிறுவனங்களின் கட்டைகளும் கையளவு கலந்து கிடந்தன. பிள்ளைகளின் பழைய பொம்மைப் பெட்டியிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும்.

## சோதனை முயற்சியும் அது தந்த தவறான நம்பிக்கையும்

உரிமையாளர் எல்லாச் செட்களையும் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினார். அது எவ்வளவு வேலை என்பதை மதிப்பிட, ஒரே ஒரு செட்டை முதலில் மீட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்டது 2008-இன் கிரீன் குரோசர், 2,352 துண்டுகள்.

இந்தத் தேர்வு எங்களை ஏமாற்றியது. அந்தக் கட்டடத்தின் சுவர்கள் மங்கிய சாம்பல்பச்சை நிறத்தவை. அந்தச் சேகரிப்பில் வேறு எந்தச் செட்டிலும் அந்த நிறம் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. எனவே அந்த நிறத்துச் சிறு பெட்டியைத் திறந்ததுமே சுவர் முழுவதும் கையில் வந்துவிட்டது. ஒரே மாலையில் பாதிக் கட்டடம் கிடைத்துவிட்ட உற்சாகத்தில், எல்லாச் செட்களையும் சில மாதங்களில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடப்பட்டது. அடுத்த நாள் தொடங்கியது சன்னல் சட்டங்களுக்கும் உள்ளறைப் பொருள்களுக்கும் வேண்டிய கறுப்பு, வெள்ளை, சாம்பல் சிறுதுண்டுகளைத் தேடும் வேலை. அது வாரக்கணக்கில் நீண்டது. பக்கவாட்டில் பிடிப்புள்ள 1×1 கறுப்புப் பிளேட் (கட்டையில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைத் துண்டு) சிலவற்றுக்காகக் கறுப்புப் பெட்டி முழுவதையும் தட்டுத் தட்டாகக் கொட்டி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விரலால் துழாவ வேண்டியிருந்தது. அடுத்த துண்டுக்கு அதே பெட்டியை மீண்டும் முதலிலிருந்து கொட்ட வேண்டும்.

வண்ணவாரிப் பிரிப்பு அரிய நிறங்களுக்கு நன்மையாகவும், பொது நிறங்களுக்கு முட்டுக்கட்டையாகவும் இருக்கிறது என்பதை இந்த ஒரு செட் தெளிவாகக் காட்டியது. அடுத்து எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த வேறுபாட்டின் மேல் எழுந்தவையே.

## எதை மீட்பது, எதை விடுவது

சோதனைக்குப் பின் இரண்டு வழிகள் முன்னிருந்தன. பதினான்கு பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டி வடிவவாரியாகப் புதிதாகத் தொடங்குவது ஒன்று. இருக்கும் வண்ணப் பிரிவைக் கலைக்காமல், அதற்குள்ளேயே வடிவம் பார்த்துப் பிரிப்பது மற்றொன்று. முதல் வழியில் ஒழுங்கு சுத்தமாக இருக்கும். ஆனால் மூவர் செய்து முடித்த வேலை முழுவதும் வீணாகும், இரண்டு சாம்பல்களையும் வெள்ளையையும் எல்லா நிறங்களும் கலந்த குவியலிலிருந்து மறுபடி பிரிக்க வேண்டிய சுமையும் சேரும். இரண்டாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அளவில் பெரிய நான்கு பெட்டிகள், அதாவது வெள்ளை, கறுப்பு, சாம்பல், மணல் நிறம், இவை மட்டும் வடிவவாரியாகப் பிரிக்கப்படும். மற்றவை இருந்தபடியே இருக்கும்.

இதைவிடக் கடினமான முடிவு, எத்தனை செட்களை விட்டுவிடுவது என்பது. ஒரே அச்சில் ஒரே வண்ணத்தில் வார்க்கப்பட்ட துண்டுகளுக்குள் இது இந்தச் செட்டின் துண்டு, அது அந்தச் செட்டின் துண்டு என்ற பேதம் கிடையாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். ஆகவே ஒரு செட் மீளுமா என்பதைத் தீர்மானிப்பவை, வேறெங்கும் இல்லாத துண்டுகளே: அச்சிட்ட துண்டுகள், அரிய வண்ணங்கள், அந்தச் செட்டுக்கென்றே வார்க்கப்பட்ட பெரிய உருவங்கள். இவற்றை ‘கையெழுத்துத் துண்டுகள்’ என்று நாங்கள் அழைத்தோம். ஒவ்வொரு கையேட்டையும் புரட்டி இத்தகைய துண்டுகளை மட்டும் குறித்துக்கொண்டு, அவை பெட்டிகளில் இருக்கின்றனவா என்று பார்த்தோம். கப்பல் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறியது. அதன் அடிப்பகுதித் துண்டுகளும் பாய்களும் வேறு எதனோடும் குழம்பவே முடியாதவை. சிறு வாகனங்களும் பொதுத் துண்டுகளால் ஆன சிறு வீடுகளும் தேறவில்லை, அல்லது தேறினாலும் மீட்பதற்கான உழைப்புக்கு ஈடாகவில்லை.

இறுதியில் பன்னிரண்டு செட்கள் மீட்புப் பட்டியலில் வைக்கப்பட்டன. மீதமுள்ளவை செட் என்ற தகுதியை இழந்து பொதுத் துண்டுகளாகக் கருதப்படும் என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டார். இந்த ஒப்புதல் எளிதில் வரவில்லை. பட்டியல் பலமுறை நீண்டு, பலமுறை சுருங்கியது. எல்லாவற்றையும் மீட்க முயன்றிருந்தால் எதுவும் முடிந்திருக்காது என்பது என் கணிப்பு.

## வகைபிரிப்பு

வேலை இரண்டு படிகளாக நடந்தது. முதல் படியில் குடும்பம் மட்டும்: கட்டை, பிளேட், குமிழற்ற டைல், சரிவுக் கட்டை, வளைவு, சன்னல்-கதவு, பிடிப்பும் கீலும் கொண்டவை, மற்றவை. இரண்டாம் படியில் குடும்பத்துக்குள் அளவு. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முயன்றால், மேசை முழுவதும் கிண்ணங்கள் பெருகி, எது எங்கே என்று நினைவில் வைப்பதே தனி வேலையாகிவிடும். ஐயமான துண்டுகளுக்கு அடிப்புறத்தில் மிகச் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும் வடிவ எண் கைகொடுத்தது. 2×4 கட்டைக்கு 3001, 1×2 பிளேட்டுக்கு 3023 என ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. செட் வாரியான துண்டுப் பட்டியல்கள் ரீபிரிக்கபிள் போன்ற பொதுத் தளங்களில் கிடைப்பதால், பன்னிரண்டு செட்களின் எண்களையும் உள்ளிட்டு மொத்தத் தேவையை ஒரே பட்டியலாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

சாம்பல் பெட்டிக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. 2004-க்குப் பிறகே அறிமுகமான வடிவங்கள் ஐயத்துக்கு இடமின்றிப் புதிய சாம்பல். அவற்றை முதலில் விலக்கினோம். எஞ்சிய, இரு காலத்துக்கும் பொதுவான வடிவங்களை மட்டும் பகலில் சன்னலோரம் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பழைய சாம்பல் வெயிலில் மேலும் மஞ்சளித்திருந்தது இங்கே அடையாளத்துக்கு உதவியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரே வகைத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தபோது எண்ணுவதற்குப் பதிலாக எடை போட்டோம். ஒரு 2×4 கட்டை ஏறக்குறைய 2.3 கிராம், ஐம்பதை எடைபோட்டு அதை அளவாகக் கொண்டால் மீதியை நம்பகமாகக் கணக்கிடலாம். சிறிய பிளேட்களுக்கு இந்த முறை துல்லியமாக வரவில்லை. அவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கித்தான் எண்ண வேண்டியிருந்தது.

## வெள்ளைத் துண்டுகள்

தாஜ் மஹாலின் துண்டுகள் நிறத்தைப் பார்த்து மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டன: வெண்மை மாறாதவை, லேசாக மாறியவை, தந்த நிறமானவை. மூன்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர ஹைட்ரஜன் பெராக்ஸைடு முறையைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. பழைய கணினிகளின் மஞ்சளித்த பிளாஸ்டிக் உறைகளை மீட்பவர்கள் பல ஆண்டுகளாகக் கையாண்டுவரும் முறை அது. நீர்த்த பெராக்ஸைடு கரைசலில் துண்டுகளை மூழ்கவைத்து வெயிலில் வைத்தால், கதிரின் தூண்டுதலால் நிறமாற்றம் பெருமளவு நீங்குகிறது. மஞ்சளாக்கிய அதே வெயிலே மஞ்சளைப் போக்கவும் பயன்படுவது வேடிக்கையான உண்மை.

உரிமையாளர் தயங்கினார், தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. இந்த முறையில் மீண்ட நிறம் நிலைத்து நிற்கும் என்ற உறுதி இல்லை; அளவுக்கு மீறி ஊறவைத்தால் திட்டுத்திட்டாக வெளிறும். எனவே முதலில் எங்கும் எளிதாக மாற்று கிடைக்கக்கூடிய சாதாரணக் கட்டைகள் சிலவற்றில் 3 சதவீதக் கரைசலைக் கொண்டு சோதிக்கப்பட்டது. சில மணி நேரத்தில் துண்டுகளைச் சுற்றிக் குமிழிகள் திரண்டு அவற்றை மிதக்கச் செய்தன. நீருக்கு வெளியே தலைநீட்டிய பகுதி வெளுக்காமல் கோடு விழும் என்பதால், மேலே ஒரு வலைத்தட்டை அழுத்தி வைத்து, அவ்வப்போது கிளறிவிட வேண்டியிருந்தது. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே வேலை நடந்தது. வாயு வெளியேற வேண்டும் என்பதால் பாத்திரம் இறுக மூடப்படவில்லை. அச்சிட்ட துண்டுகள், ஒளிபுகும் துண்டுகள், உலோகப் பூச்சுள்ளவை ஆகியவை தொடக்கத்திலேயே விலக்கப்பட்டன.

சோதனை நன்றாக அமைந்த பிறகும், எல்லாவற்றையும் ஊறவைப்பதில்லை என்றே முடிவெடுக்கப்பட்டது. தந்த நிறமானவற்றுள் வெளிப்பார்வைக்கு வரும் துண்டுகள் மட்டும் ஊறவைக்கப்பட்டன. உட்புறம் மறையும் இடங்களுக்கு மஞ்சளித்த துண்டுகள் அப்படியே ஒதுக்கப்பட்டன. லேசாக மாறியவை பின்பக்கத்துக்கும் அடித்தளத்துக்கும் போயின. இதற்காகக் கையேட்டின் ஒவ்வொரு படியிலும் எந்தத் துண்டு வெளியே தெரியும், எது மறையும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே கட்ட வேண்டியிருந்தது. அலுப்பான வேலைதான், ஆனால் வேதிப்பொருளில் நனையும் துண்டுகளின் எண்ணிக்கையை இது வெகுவாகக் குறைத்தது.

## கட்டுதலும் குறைகளை நிரப்புதலும்

மீட்கப்பட்ட ஒவ்வொரு செட்டும் பையில் எண்ணி வைத்து முடிக்கப்படவில்லை, முழுமையாகக் கட்டியே சரிபார்க்கப்பட்டது. எண்ணிக்கை பொருந்தும் பையில் விரிசல் விழுந்த துண்டு ஒளிந்திருக்கலாம். கட்டும்போது பிடிமானம் தளர்ந்து அது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இல்லாத துண்டுகளுக்கு மூன்று விதிகள் வகுக்கப்பட்டன. வெளியே தெரியும் இடத்துக்கு அதே வடிவம், அதே வண்ணம், அதே காலத்துச் சாயல் கொண்ட துண்டே வேண்டும். அதை 2000-இல் தொடங்கி 2019-இல் லெகோ நிறுவனத்தின் கைக்கு வந்த பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையில் தனித்துண்டாக வாங்குவது. மறையும் இடத்துக்கு வண்ணம் பொருட்டில்லை. மறையும் இடத்தில் கட்டையே இல்லையென்றால் மூன்று பிளேட்களை அடுக்கிக்கொள்ளலாம். பிளேட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்ற கணக்கு எல்லா இடத்திலும் பொருந்துவதால் இது சாத்தியமாயிற்று. 1958-இல் காப்புரிமைக்குப் பதிவான குமிழ்-குழல் அமைப்பு இன்றுவரை மாறாததால், இன்று வார்த்த பிளேட் 1984-இன் கோட்டைச் சுவருக்குள் தயங்காமல் உட்கார்ந்தது. தூய்மைவாதிகள் இந்த மூன்றாம் விதியை ஏற்கமாட்டார்கள். விற்பதற்காக மீட்கும் செட்டில் நானும் ஏற்கமாட்டேன். தன் அலமாரிக்காகக் கட்டுகிறவருக்கு இது போதும்.

செம்பழுப்புத் துண்டுகளில் பிடிப்பு வகை அனைத்தும், உடையாதவை உட்பட, புதியவற்றால் மாற்றப்பட்டன. பழையவை வளையாது, அடுத்த முறை கழற்றும்போது உடையும் என்பதில் ஐயமில்லை.

## விற்பனை பற்றிய பேச்சு

இடையில், மீட்ட செட்களை விற்று அந்தப் பணத்தில் முழுமையான செட்களை வாங்கிவிடலாமே என்ற யோசனை குடும்பத்தில் எழுந்தது. தாஜ் மஹாலின் மறுவிற்பனை மதிப்பு ஒரு காலத்தில் மிக உயர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் 2017-இல் அதே செட் 5,923 துண்டுகளோடு மீண்டும் வெளியிடப்பட்ட பிறகு பழையதன் அருமை குறைந்துவிட்டது. மஞ்சளித்து, பெராக்ஸைடில் வெளுத்து, பெட்டியும் இல்லாத பிரதி ஒன்றின் நிலையை விற்கும்போது மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சொன்னால் கிடைக்கும் விலை உழைப்புக்குக் காணாது. பேச்சு அத்தோடு நின்றது.

## விளைவு

ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், பன்னிரண்டில் ஒன்பது செட்கள் முழுமையாயின. இரண்டில் மறைவான இடங்களில் மாற்றுத் துண்டுகள் உள்ளன. எவை, எந்தப் படியில் என்பது அந்தந்தக் கையேட்டுக்குள் செருகிய தாளில் எழுதப்பட்டுள்ளது. கோட்டை மட்டும் முடியவில்லை. பழைய சாம்பலில் அதற்கு வேண்டிய சில துண்டுகள் நல்ல நிலையில் கிடைப்பது அரிதாக இருக்கிறது. புதிய சாம்பலை வைத்து முடிக்க உரிமையாளருக்கு மனமில்லை, அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

தாஜ் மஹால் எழுந்து நிற்கிறது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் நிறம் சீராகத் தெரிகிறது. கிட்டப்போய்ப் பார்த்தால், ஊறவைத்த துண்டுகள் மாறாதவற்றைவிடச் சற்றே கூடுதல் வெண்மையாக இருப்பது புலப்படும்.

மீட்புப் பட்டியலுக்கு வெளியே போன செட்களின் துண்டுகள், எதிர்பார்த்ததைவிடப் பயனுள்ளவையாக மாறின. அவை வடிவவாரியாகச் சிறு இழுப்பறைகளில் அடுக்கப்பட்டதும், அதுவரை கையேட்டைப் பார்த்து மட்டுமே கட்டிவந்தவர் சொந்தமாக வடிவமைக்கத் தொடங்கினார். தெருவின் கோடியில் இப்போது எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. தங்கையின் மகள் அதன் உள்ளறைகளைச் செய்தாள். பிரித்தவர்களுக்கும் உரிமையாளருக்கும் இடையே தொடக்கத்தில் இருந்த மனத்தாங்கல் இந்த வேலையினிடையே கரைந்துபோனது என்பதை, இது ஆய்வின் வரம்புக்குள் வராவிட்டாலும், குறிப்பிடத் தோன்றுகிறது.

## மாற்றிக்கொள்ளப்பட்டவை

கலைக்கும் முறை முற்றிலும் மாறியுள்ளது. எந்த மாதிரியைப் பிரிப்பதானாலும் நான்கு பக்கமும் படம் எடுத்து, கையேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் தனி ஜிப் பையில் செட் எண்ணோடும் பகுதி எண்ணோடும் போகிறது. மினிஃபிகர்கள் அந்தந்தச் செட்டோடே இருக்கின்றன. ரப்பர் பேண்டு கூடாது. நொறுங்கும் வண்ணத் துண்டுகள் இருக்கும் பகுதியைப் பிரிக்காமல் அப்படியே துணி சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். நேரமில்லாமல் அவசரமாகக் காலி செய்ய வேண்டிவந்தால், எதையும் கழுவாமல், வகைபிரிக்காமல், ஒரு செட் ஒரு பை என்று மட்டும் போட்டு எண்ணை எழுதினாலே போதும். இந்த நிகழ்வில் அது மட்டும் நடந்திருந்தால் மீதி எந்த வேலையும் தேவைப்பட்டிருக்காது.

கழுவும்போது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நீரில், ஸ்டிக்கரும் துணியும் அச்சும் உள்ளவற்றை விலக்கிக் கையால் மட்டும் கழுவுவது என்ற விதி சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அலமாரி சன்னல் இல்லாத சுவருக்கு மாறியுள்ளது. செட் எண், வாங்கிய ஆண்டு, குறை, மாற்றுத் துண்டு ஆகிய நான்கு பத்திகள் கொண்ட பட்டியல் ஒன்றை உரிமையாளர் தொடங்கி, குடும்பத்தில் எல்லோரும் பார்க்கும்படி பகிர்ந்து வைத்திருக்கிறார்.

பெராக்ஸைடில் வெளுத்த நிறம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அறிய, ஊறவைத்த கட்டைகள் சிலவும் ஊறவைக்காத கட்டைகள் சிலவும் ஒரு மூடிய பெட்டியிலும், அதே போன்ற மற்றொரு தொகுதி அலமாரியின் மேல்தட்டிலும் தேதி எழுதி வைக்கப்பட்டுள்ளன. முதல் ஒப்பீட்டில் நான்கிலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. அடுத்த ஒப்பீடு முடியும்வரை தாஜ் மஹாலின் மீதமுள்ள மஞ்சள் துண்டுகளை ஊறவைப்பதில்லை என்று தீர்மானிக்கப்பட்டுள்ளது.